ஒரு நாற்காலி, மூன்று ஆளுநர்கள்: ஜார்ஜியா 1946 தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1947 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மூன்று பேர் "நான்தான் ஆளுநர்" என்று நின்றார்கள். அலுவலகத்தின் பூட்டை மாற்றினார்கள், அரசு முத்திரை காணாமல் போனது, இறந்து போனவர்களின் பெயரில் ஓட்டு விழுந்திருந்தது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். ஆறு மாதம் பின்னால் போய், 1946 ஜூலையில் அங்கே என்ன நடந்தது என்று படித்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். மக்களிடம் அதிக ஓட்டு வாங்கியவர் இந்த மூவரில் ஒருவர்கூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஆளுநர் பதவிக்குத் தேர்தல் உண்டா?

உண்டு. அமெரிக்க மாநிலங்களில் ஆளுநரை மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில நிர்வாகம் அவர் கையில். நம் ஊர் முதலமைச்சரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது. ஜார்ஜியாவின் தலைநகரம் அட்லாண்டா.

அந்த மூன்று பேர் யார்?

முதலாமவர் எல்லிஸ் ஆர்னால். 1943 முதல் ஆளுநராக இருந்தவர், பதவிக்காலம் முடிந்து கிளம்ப வேண்டியவர். 18 வயதில் ஓட்டுரிமை என்பதை 1943-லேயே கொண்டுவந்தவர். அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம் ஜார்ஜியாதான். ஓட்டுப் போட வேண்டுமானால் வரி கட்டியிருக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை 1945-ல் ஒழித்தவரும் இவரே. அடுத்தடுத்து இரண்டு முறை ஆளுநராக இருக்கச் சட்டம் இடம் தராததால் 1946-ல் அவர் போட்டியிட முடியவில்லை.

இரண்டாமவர் ஹெர்மன் டால்மட்ஜ். வயது 33. கடற்படையில் இருந்து உலகப் போர் முடிந்து திரும்பியவர். தேர்தலில் வென்று பதவியேற்கும் முன்பே இறந்துபோன யூஜின் டால்மட்ஜின் மகன்.

மூன்றாமவர் மெல்வின் தாம்ப்சன். கல்வித் துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவர், ஆர்னாலின் ஆள். 1945-ல் வந்த புதிய மாநில அரசியல் சட்டம் துணை ஆளுநர் என்ற பதவியை உண்டாக்கியது. அந்தப் பதவிக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவர்.

பொதுத்தேர்தல் நவம்பரில்தானே? எல்லோரும் ஏன் ஜூலையைப் பற்றியே பேசுகிறார்கள்?

அன்றைய ஜார்ஜியா ஒரு கட்சி மாநிலம். ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு ஜெயிக்கும் வாய்ப்பே கிடையாது. அதனால் யார் வேட்பாளர் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல், அதாவது பிரைமரி, அதுதான் நிஜத் தேர்தல். 1946 ஜூலை 17-ல் நடந்த பிரைமரியில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். நவம்பரில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாத வேட்பாளருக்கு ஒரு லட்சத்து 43 ஆயிரம் சொச்சம் ஓட்டு விழுந்தது. எது உண்மையான தேர்தல் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

யூஜின் டால்மட்ஜ் எப்படிப்பட்டவர்?

1946-க்கு முன்பே மூன்று முறை ஆளுநர் பதவியை வென்றவர். டெல்ஃபேர் கவுண்டியில் மெக்ரே என்ற சிற்றூர்க்காரர். கால்சட்டையைத் தோளோடு மாட்டும் சிவப்புப் பட்டை, சஸ்பெண்டர், அவருடைய அடையாளம். மேடையில் கோட்டைக் கழற்றி அது தெரிய நின்று பேசுவார். ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் பசு மேய விட்டவர். ஏழைக் குடியானவனின் பாஷை அவருக்கு அத்துப்படி. கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு. அந்தப் பேச்சின் மையத்தில் எப்போதும் இருந்தது கறுப்பின மக்கள் மீதான வெறுப்பு.

1941-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைத் தலைவர் வால்டர் காக்கிங், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படிப்பதை ஆதரிக்கிறார் என்று குற்றம் சாட்டி அவரை வெளியேற்ற வைத்தார். அதற்காகப் பல்கலைக்கழகம் தன் அங்கீகாரத்தையே இழந்தது. பட்டத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று பிள்ளைகளும் பெற்றோரும் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபத்தில்தான் 1942-ல் ஆர்னால் அவரைத் தோற்கடித்தார். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்த டால்மட்ஜிடம் ஒரே ஒரு வாக்குறுதிதான் பெரிதாக இருந்தது: பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடும் பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவருவேன்.

கவுண்டி யூனிட் முறை என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது, ஆனால் அளவில் மிகச் சிறியது. 1917-ல் நீல் சட்டம் என்று ஒரு பிரைமரிச் சட்டம் வந்தது. அதன்படி மக்கள் போடும் ஓட்டுகளை மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கவுண்டியில் யார் முதலிடமோ, அந்தக் கவுண்டியின் யூனிட் ஓட்டுகள் முழுவதும் அவருக்கு. மக்கள்தொகையில் முதல் 8 கவுண்டிகளுக்குத் தலா 6 யூனிட். அடுத்த 30-க்குத் தலா 4. மீதி 121-க்குத் தலா 2. மொத்தம் 410.

பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் 1940-ல் சுமார் 3,93,000 பேர் இருந்தார்கள். யூனிட் 6. அதே மாநிலத்தில் எக்கோல்ஸ் கவுண்டியில் 3,000 பேர்கூட இல்லை. யூனிட் 2. ஃபுல்டனில் ஒரு யூனிட்டுக்கு 65 ஆயிரம் பேர், எக்கோல்ஸில் ஒரு யூனிட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவு. எக்கோல்ஸ்காரர் ஒருவரின் ஓட்டு அட்லாண்டாக்காரர் ஒருவரின் ஓட்டைவிட 40 மடங்குக்கு மேல் கனம். மூன்று குட்டிக் கவுண்டிகளைக் கைக்குள் போட்டுக்கொண்டால் அட்லாண்டாவைச் சரிக்கட்டிவிடலாம்.

குட்டிக் கவுண்டியைக் கைக்குள் போடுவதும் கஷ்டமில்லை. அங்கே நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியிருக்கும் நாலைந்து பெரிய மனிதர்கள் யாருக்குச் சொல்கிறார்களோ அவருக்கு ஓட்டு விழும். டிராம் வண்டி ஓடும் கவுண்டி எதுவும் எனக்கு வேண்டாம் என்று டால்மட்ஜ் வெளிப்படையாகவே சொல்லிக்கொள்வார். நகரத்தான் ஓட்டு தேவையே இல்லை என்று ஒரு தலைவர் மேடையில் பெருமையாகச் சொல்ல முடிந்த ஏற்பாடு அது.

அப்படியானால் 1946 பிரைமரியில் உண்மையில் ஜெயித்தது யார்?

மக்கள் ஓட்டில் ஜேம்ஸ் கார்மைக்கேல். வாங்கியது 3,13,389. யூஜின் டால்மட்ஜ் வாங்கியது 2,97,245. முன்னாள் ஆளுநர் ரிவர்ஸ் 69 ஆயிரம் சொச்சம் வாங்கி மூன்றாவதாக வந்தார். நான்காவதாக ஒருவரும் நின்றார்.

யூனிட் கணக்கில் டால்மட்ஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146, ரிவர்ஸுக்கு 22.

பதினாறாயிரம் ஓட்டு அதிகம் வாங்கியவர் வீட்டுக்குப் போனார். பதினாறாயிரம் குறைவாக வாங்கியவர் கிட்டத்தட்ட நூறு யூனிட் வித்தியாசத்தில் வென்றார்.

அதே நாளில் அட்லாண்டா பகுதியின் காங்கிரஸ் தொகுதியிலும் இதே கதை. அங்கே உறுப்பினராக இருந்த ஹெலன் டக்ளஸ் மான்கின் என்ற பெண்மணி, சில மாதம் முன்பு கறுப்பின வாக்காளர்களின் ஆதரவோடு இடைத்தேர்தலில் வென்றவர். ஜூலையில் மக்கள் ஓட்டில் அவருக்குத்தான் முதலிடம். தொகுதியில் மூன்றே கவுண்டிகள். ஃபுல்டனின் 6 யூனிட் அவருக்கு. டிகாப் கவுண்டியின் 6, குட்டியூண்டு ராக்டேல் கவுண்டியின் 2, ஆக 8 எதிராளிக்கு. முடிந்தது கதை.

கறுப்பின மக்கள் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடிந்ததா?

முடிந்தது. அதுதான் அந்த ஆண்டின் பெரிய செய்தி. அதுவரை ஜனநாயகக் கட்சி பிரைமரி வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்தது. கட்சி ஒரு தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்பது அவர்கள் வாதம். 1944-ல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரில் பிரைமஸ் கிங் என்பவர் ஓட்டுச்சாவடிக்குப் போனார். முடிதிருத்தும் தொழிலும் சபை ஊழியமும் செய்துவந்தவர். உள்ளே விடவில்லை, வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1946 வசந்தத்தில் மேல்முறையீடும் தீர்ந்தது. ஆர்னால் வேறு குறுக்குவழி தேடாமல் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். சில மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தார்கள்.

டால்மட்ஜ் தரப்பு சும்மா இருக்கவில்லை. பல கவுண்டிகளில் கறுப்பினப் பெயர்களை மொத்தமாக ஆட்சேபித்து, ஆயிரக்கணக்கானவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தார்கள். மேடைப் பேச்சுகளில் மிரட்டல் வெளிப்படையாகவே இருந்தது.

டெய்லர் கவுண்டியில் மேசியோ ஸ்னைப்ஸ் என்ற கறுப்பின இளைஞர், உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர், ஜூலை 17 அன்று ஓட்டுப் போட்டார். அந்தக் கவுண்டியில் பிரைமரியில் ஓட்டுப் போட்ட ஒரே கறுப்பர் அவர். மறுநாள் அவர் வீட்டுக்கே வந்து சுட்டார்கள். 20-ஆம் தேதி இறந்தார். ஜூலை 25 அன்று வால்டன் கவுண்டியில் மூர்ஸ் ஃபோர்ட் பாலத்தருகே இரண்டு கறுப்பினத் தம்பதிகளை ஒரு கும்பல் காரிலிருந்து இழுத்துச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜார்ஜ் டார்சியும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை வந்து விசாரித்தது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அந்த ஆகஸ்டில் அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் நாளிதழின் ஆசிரியருக்கு 17 வயது மாணவர் ஒருவர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் குடிமக்களுக்கு உரிய அடிப்படை உரிமைகளும் வாய்ப்புகளும்தான் நாங்கள் கேட்பது என்று. மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

மூன்று ஆளுநர் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஜூலை மாதத்தைத் தாண்டிக் குதித்து நேராக ஜனவரிக்குப் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்னைப்ஸுக்கு ஓர் ஓட்டு என்ன விலை ஆனது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டால்மட்ஜின் டெல்ஃபேர் கவுண்டியில் ஓட்டு எவ்வளவு மலிவாகத் தயாரானது என்பது (அந்தக் கதை கீழே வருகிறது) உறைக்கும்.

ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட யூஜின் டால்மட்ஜ் எப்போது இறந்தார்?

1946 டிசம்பர் 21, அட்லாண்டா மருத்துவமனை ஒன்றில். வயது 62. பதவியேற்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. துணை ஆளுநர் பதவியை உண்டாக்கிய புதிய அரசியல் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியேற்கும் முன்பே இறந்தால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்தது.

அப்பா இறந்தால் மகன் எப்படி ஆளுநர் ஆக முடியும்? பரம்பரைப் பதவியா?

டால்மட்ஜின் உடல்நிலை மோசம் என்பது நெருங்கியவர்களுக்கு நவம்பருக்கு முன்பே தெரியும். அவர்கள் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு பிரிவு: ஆளுநர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு இல்லையென்றால், அதிக ஓட்டு வாங்கியவர்களில் உயிரோடு இருக்கும் முதல் இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம்.

"உயிரோடு இருக்கும்" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க ஓட்டுச்சீட்டில் அச்சிட்ட பெயர் பிடிக்கவில்லையென்றால் வேறொரு பெயரைக் கையால் எழுதிப் போடலாம். நவம்பர் தேர்தலில் சில நூறு பேரைக் கொண்டு ஹெர்மன் பெயரை எழுதிப் போட வைத்தார்கள். அப்பா இறந்துவிட்டால், அடுத்த இருவரில் ஒருவராக மகன் நிற்பார், சட்டமன்றத்தில் நம் ஆட்கள்தான் அதிகம், காரியம் முடிந்துவிடும். இதுதான் திட்டம்.

58 ஓட்டு என்று சொல்கிறார்களே, அந்தக் கதை என்ன?

1947 ஜனவரி 14 அன்று சட்டமன்றம் கூடி ஓட்டுகளை எண்ணியது. கையால் எழுதிப் போட்ட ஓட்டில் கார்மைக்கேலுக்கு 669. அவர் நவம்பரில் வேட்பாளரே இல்லை. அவர்மேல் பிரியம் உள்ளவர்கள் தாங்களாகவே எழுதியிருந்தார்கள். குடியரசுக் கட்சிக்காரரான டால்மட்ஜ் பவர்ஸ் என்பவருக்கு 637. கல்லறைக் கல் விற்பவர். பெயரில் டால்மட்ஜ் இருந்தாலும் இந்தக் குடும்பத்து ஆள் இல்லை. ஹெர்மனுக்கு 617. மூன்றாவது இடம். முதல் இருவரில் இல்லாததால் அவரைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

அப்புறம் ஓர் உறை அகப்பட்டது. டெல்ஃபேர் கவுண்டியிலிருந்து வந்தது, அதாவது டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த ஊர். அதற்குள் ஹெர்மனுக்கு இன்னும் 58 ஓட்டு. கூட்டினால் 675. முதலிடம்.

சில வாரம் கழித்து அட்லாண்டா ஜர்னல் நாளிதழின் நிருபர் ஜார்ஜ் குட்வின் டெல்ஃபேருக்குப் போய், ஹெலினா என்ற ஊரின் ஓட்டுச்சாவடியில் யார் யார் ஓட்டுப் போட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலைக் கையில் எடுத்தார். அதன் கடைசிப் பகுதியில் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. யோசித்துப் பாருங்கள்: ஒரு கிராமத்து ஓட்டுச்சாவடியில் சாயங்கால நேரத்தில் மக்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்துப்படி வரிசை கட்டி வந்து நின்றிருக்கிறார்கள்! குட்வின் அந்தப் பெயர்களைத் தேடி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். சிலர் ஊரை விட்டுப் போய் நாளாகியிருந்தது. சிலர் நான் அன்றைக்கு ஓட்டே போடவில்லையே என்றார்கள். சிலர் கல்லறையில் இருந்தார்கள். 1947 மார்ச்சில் செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டு குட்வினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஒரு நிருபர் ஒரு பட்டியலோடு வீடு வீடாகப் போனார், அவ்வளவுதான் செய்தார். அதைச் செய்ய வேறு யாருக்கும் தோன்றவில்லை, அல்லது துணியவில்லை.

சட்டமன்றத்தில் அன்றிரவு என்ன நடந்தது?

கட்டடம் முழுக்க டால்மட்ஜ் ஆதரவாளர்கள். நடைபாதையில் நிற்க இடமில்லை. நள்ளிரவு தாண்டி, 161-க்கு 87 என்ற கணக்கில் ஹெர்மனை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். உடனே பதவியேற்பு. அதே வேகத்தில் கூட்டத்தோடு ஆர்னாலின் அலுவலகத்துக்குப் போனார். கதவு உடைந்தது, கைகலப்பு ஆனது. நீங்கள் சட்டப்படி ஆளுநர் இல்லை, நாற்காலியைத் தர முடியாது என்று ஆர்னால் சொல்லிவிட்டார்.

பொழுது விடிந்ததும் ஆர்னால் வழக்கம்போல அலுவலகம் வந்தார். ஹெர்மனும் வந்தார். ஒரே வளாகத்தில் இரண்டு ஆளுநர்கள் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் மறுநாள் ஆர்னால் வந்து பார்த்தால் பூட்டு மாறியிருந்தது. ஆளுநர் மாளிகையும் ஹெர்மன் வசம். ஆர்னால் சட்டமன்றக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் பார்வையாளர்களுக்குத் தகவல் சொல்லும் மேசையில் உட்கார்ந்து அலுவலகம் நடத்தினார். அங்கிருந்தும் விரட்டினார்கள். கடைசியில் நகரத்தில் தன் வக்கீல் அலுவலகத்திலிருந்து ஆளுநர் வேலையைப் பார்த்தார். அந்த நாள்களில் ஹெர்மன் இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் நடமாடினார்.

ஜனவரி 18 அன்று தாம்ப்சன் துணை ஆளுநராகப் பதவியேற்றார். ஆர்னால் உடனே ராஜினாமா செய்தார். ஆளுநர் விலகினால் துணை ஆளுநர் அந்த இடத்துக்கு வருவார், ஆகவே இனி நான்தான் என்று தாம்ப்சன் அறிவித்தார்.

முத்திரை காணாமல் போனது நிஜமா?

நிஜம்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இங்கேதான் வருகிறார். மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன். கார் விபத்தில் நடக்க முடியாமல் போய், சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். மாநிலத்தின் அரசு முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. அது பதியாமல் எந்த முக்கிய ஆவணமும் செல்லாது. எந்த ஆளுநர் உண்மையானவர் என்று நீதிமன்றம் சொல்லும் வரை யாருக்கும் முத்திரை கிடையாது என்று முடிவு செய்தார். சொல்லிவிட்டு அதை எங்கே வைத்தார்? தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில். அடைக்கோழி மாதிரி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆட்கள் கேட்டு வந்தார்கள், போனார்கள். முத்திரை அவருக்கு அடியிலேயே இருந்தது.

துப்பாக்கியும் போலீசும் பூட்டும் ஒரு பக்கம். தன் பொறுப்பு என்னவென்று தெரிந்த ஓர் அதிகாரி இன்னொரு பக்கம். 1979-ல் இறக்கும் வரை ஜார்ஜியா மக்கள் அவரை அதே பதவியில் வைத்திருந்தார்கள்.

நீதிமன்றம் யார் பக்கம் சொன்னது?

1947 மார்ச் 19 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்ற கணக்கில் தாம்ப்சன் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் எளிமையானது. யூஜின் டால்மட்ஜ் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கித் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். அவர் இறந்ததால் அந்த ஓட்டுகள் இல்லாமல் போய்விடாது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்ற நிலையே வராதபோது, சட்டமன்றத்துக்கு ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் வராது. அடுத்தவர் முறையாக வரும் வரை பழைய ஆளுநர் தொடரலாம். அவர் விலகியதும் துணை ஆளுநருக்கு அதிகாரம் போகும்.

ஹெர்மன் அன்றே மறுபேச்சில்லாமல் வெளியேறினார். சுமார் இரண்டு மாதம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். டெல்ஃபேர் உறை நிஜமா பொய்யா என்பது தீர்ப்புக்குத் தேவைப்படவே இல்லை.

தாம்ப்சன் ஆட்சியில் சொல்லும்படி ஏதாவது உண்டா?

ஜெகில் தீவு. அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் குளிர்கால ஓய்விடமாக இருந்த கடலோரத் தீவை 1947-ல் 6,75,000 டாலருக்கு மாநிலத்துக்காக வாங்கினார். பணத்தைக் கடலில் போட்டார் என்று எதிராளிகள் திட்டினார்கள். இன்று அது பொதுமக்கள் போய்வரும் மாநிலப் பூங்கா.

ஹெர்மன் டால்மட்ஜ் அதோடு முடிந்துவிட்டாரா?

இல்லை. 1948-ல் நடந்த பிரைமரியில் தாம்ப்சனை நேருக்கு நேர் எதிர்த்து, இந்த முறை மக்கள் ஓட்டிலும் யூனிட் ஓட்டிலும் சேர்த்தே ஜெயித்தார். 1955 தொடக்கம் வரை ஆளுநர். 1957 முதல் 1981 வரை அமெரிக்க செனட்டர். வாட்டர்கேட் விசாரணையை நடத்திய செனட் குழுவிலும் இருந்தார். அப்பாவின் நிறவெறி அரசியலைத்தான் அவரும் ஆளுநராக நடத்தினார், அதை மறந்துவிட்டு அவரை எடைபோட முடியாது.

கவுண்டி யூனிட் முறை எப்போது ஒழிந்தது?

பல முறை வழக்குப் போட்டும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் நீண்ட காலம் தலையிட மறுத்தது. 1962-ல்தான் கீழமை கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த ஆண்டே கார்ல் சாண்டர்ஸ் நேரடி மக்கள் ஓட்டில் வேட்பாளராகி ஆளுநரானார். மேல்முறையீட்டில் மத்திய அரசின் சட்டத் துறைத் தலைவர் ராபர்ட் கென்னடி தானே எழுந்து நின்று வாதாடினார். 1963 மார்ச் 18 அன்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பில்தான் "ஒரு நபர், ஒரு ஓட்டு" என்ற தொடர் சட்டமாக நிலைபெற்றது.

அதே 1962-ல் ஜிம்மி கார்ட்டர் என்ற வேர்க்கடலை விவசாயி முதன்முதலாக மாநில செனட்டுக்குப் போட்டியிட்டார். குவிட்மன் கவுண்டியில் அவருக்கு எதிராகக் கள்ள ஓட்டு. பட்டியலை வாங்கிப் பார்த்தால் அங்கேயும் பெயர்கள் அகர வரிசையில்! வழக்காடி வென்று அரசியலுக்குள் நுழைந்தார். அவர்தான் பின்னால் அமெரிக்க அதிபரான கார்ட்டர்.

சட்டமன்றமே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பிரிவு அதன் பிறகு பயன்பட்டதா?

1966-ல் பயன்பட்டது. குடியரசுக் கட்சியின் போ கால்வே மக்கள் ஓட்டில் மூவாயிரம் வித்தியாசத்தில் முந்தினார், ஆனால் பாதியைத் தாண்டவில்லை. காரணம், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுச்சீட்டில் வேறொரு பெயரைக் கையால் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர் எல்லிஸ் ஆர்னால். இருபது ஆண்டுக்கு முந்தைய அதே ஆர்னால். முடிவு சட்டமன்றத்துக்குப் போனது. தன் உணவகத்துக்குள் கறுப்பின மக்களை விடாமல் விரட்டிப் பெயர் வாங்கிய லெஸ்டர் மேடாக்ஸை 182-க்கு 66 என்று ஆளுநராக்கினார்கள். கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் 5-க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. சட்டத்தை மாற்றியது அதற்கு அப்புறம்தான்.

கார்மைக்கேல் என்ன ஆனார்?

மரியெட்டாக்காரர், வக்கீல். சிறு வயதில் கார் மோதி, வாழ்நாள் முழுக்கக் கைத்தடியோடு நடந்தவர். போர்க்காலத்தில் தன் ஊரில் பி-29 குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்த பெல் தொழிற்சாலையை நிர்வகித்தவர். பிரைமரியில் நின்றபோது வயது 35. தோற்ற பிறகு அட்லாண்டாவில் பேனா, பென்சில் செய்யும் ஸ்கிரிப்டோ கம்பெனியின் தலைவரானார். 1951-ல் லாக்ஹீட் நிறுவனம் அந்தப் பழைய விமானத் தொழிற்சாலையை மறுபடி திறந்தபோது கொஞ்ச காலம் அதையும் நடத்தினார். ஆளுநர் ஆகவே இல்லை. 1972-ல் இறந்தார். 1947 ஜனவரி இரவில் சட்டமன்றத்தில் வாசித்த கணக்கில் அவர் பெயருக்கு நேரே இருந்த எண் 669. ஜூலையில் ஜார்ஜியா மக்கள் அவருக்குப் போட்டது 3,13,389.